விரிசல் விழும் என்று தெரிந்தே பறப்பது: ஹெலிகாப்டரில் டேமேஜ் டாலரன்ஸ் ஏன் இவ்வளவு கஷ்டம்?

மதி_ஏரோ எழுதியது:

வணக்கம். ஏரோ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டேமேஜ் டாலரன்ஸ் பாடம் இப்போதுதான் முடிந்தது. விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அது எவ்வளவு வேகமாக வளரும் என்று கணக்கிட வேண்டும், ஆபத்தான நீளத்தைத் தொடுவதற்குள் ஒன்றுக்கு இரண்டு முறை சோதனையில் மாட்டும்படி இடைவெளி வைக்க வேண்டும். இதுவரை புரிந்தது. பயணிகள் விமானங்களுக்கு 1978 முதல் அமெரிக்க விதியிலேயே இது இருக்கிறது.

ஹெலிகாப்டர் அத்தியாயத்துக்குப் போனால் பழைய சேஃப் லைஃப் முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். இத்தனை மணி நேரம் ஓடியதும் கழற்றி எறி, அவ்வளவுதான். ஏன் இப்படி? ஹெலிகாப்டர்காரர்கள் பின்தங்கிவிட்டார்களா, அல்லது வேறு காரணம் இருக்கிறதா? செமினாருக்கு இதைத்தான் எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

விரிசல்வேந்தன் எழுதியது:

பின்தங்கல் எல்லாம் இல்லை. சுற்று எண்ணிக்கைதான் காரணம்.

ரோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று சுழல்கிறது என்று வையுங்கள். மணிக்கு 18,000. ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒரு பக்கம் காற்றை எதிர்த்துப் போகிறது, மறுபக்கம் காற்றோடு போகிறது. அதனால் பிளேடு, பிளேடுகள் மாட்டியிருக்கும் நடுப்பகுதியான ஹப், பிளேடின் கோணத்தைத் திருப்பும் தண்டான பிட்ச் லிங்க் எல்லாவற்றிலும் சுமை ஏறி இறங்குகிறது. பயணிகள் விமானத்தின் உடற்பகுதி ஒரு பயணத்துக்கு ஒரு முறை உப்பி அடங்கும். வாழ்நாள் முழுக்க 60,000 முறை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அத்தனை சுற்றையும் ரோட்டார் நாலு மணி நேரத்துக்குள் பார்த்து முடித்துவிடும்.

இப்போது ஒரு விரிசலை எடுங்கள். கண்டுபிடிக்கக்கூடிய அளவிலிருந்து உடையும் அளவு வரை வளர 10 லட்சம் சுற்று ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். விமான உடற்பகுதியில் அப்படி ஒரு விரிசல் என்றால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவே வேண்டாம். ரோட்டாரில் அது 55 மணி நேரம். உடைவதற்குள் இரண்டு முறையாவது மாட்ட வேண்டும் என்று மூன்றால் வகுத்தால் 18 மணி நேரத்துக்கு ஒரு முறை ஹப்பைத் திறந்து சோதிக்க வேண்டும். எந்த நிறுவனம் ஒத்துக்கொள்ளும்? திறந்து திறந்து மூடுவதிலேயே புதுச் சேதம் வரும், அது வேறு கதை.

அதோடு, விரிசல் வளரும் வேகத்தைச் சொல்லும் பாரிஸ் விதியில் உள்ள அடுக்கு எண் உலோகங்களுக்குப் பெரும்பாலும் 3-லிருந்து 4 வரை இருக்கும். சுமையை 20 சதவீதம் குறைவாக மதிப்பிட்டுவிட்டால் விரிசல் வளரும் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். ஹெலிகாப்டரில் சுமையை 20 சதவீதத் துல்லியத்தில் தெரிந்துகொள்வதே பெரிய விஷயம்.

சந்தேகசாமி எழுதியது:

அப்படியென்றால் சேஃப் லைஃபே போதுமே. நன்றாகக் கணக்குப் போட்டு, பாதியில் கழற்றிவிட்டால் யாருக்கு நஷ்டம்? இரும்புக் கடைக்காரனுக்கு லாபம்.

விரிசல்வேந்தன் எழுதியது:

நன்றாகக் கணக்குப் போட்டால் என்று சொல்லிவிட்டீர்கள் சாமி. 1980-ல் அமெரிக்க ஹெலிகாப்டர் சங்கம் இதைச் சோதித்துப் பார்த்தது. கற்பனையாக ஒரு பிட்ச் லிங்க், அதற்கான பரிசோதனைத் தரவு, பறப்புச் சுமை எல்லாவற்றையும் ஏழு தயாரிப்பாளர்களிடம் கொடுத்து ஆயுளைச் சொல்லச் சொன்னார்கள். அத்தனை பேரும் தொழிலில் ஊறியவர்கள், வைத்திருந்ததும் ஒரே தரவு.

வந்த விடைகளில் மிகக் குறைந்தது 9 மணி நேரம். அதிகபட்சம் 2,594 மணி நேரம்.

இதில் யாரும் கணக்கில் பிழை செய்யவில்லை. சோதனைப் புள்ளிகள் வழியாக, எந்தச் சுமைக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று காட்டும் வளைகோட்டை எந்த வடிவத்தில் வரைவது, பாதுகாப்புக்காக அதை எவ்வளவு கீழே இறக்குவது, சுமைகளை எப்படி எண்ணுவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம். அதிகச் சுற்றுப் பகுதியில் அந்த வளைகோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். அங்கே சுமையில் சின்ன வித்தியாசம் வந்தாலும் ஆயுள் பல மடங்கு மாறும். இதற்குப் பிறகுதான் பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் உடையக்கூடாது என்ற மாதிரி நம்பகத்தன்மை இலக்கெல்லாம் பேச ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று. சேஃப் லைஃப் என்பது பழுதில்லாத புதுப் பொருளுக்கான கணக்கு. கீறல், துருக்குழி, இயந்திரத் தொழிலாளி தவறவிட்ட ஸ்பானரின் வடு இதெல்லாம் அதில் கிடையாது. 1968-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காம்ப்டனில் ஒரு சிக்கோர்ஸ்கி எஸ்-61எல் விழுந்து 21 பேர் இறந்தார்கள். பிளேடைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டில் உலோகச் சோர்வில் முறிந்தது. பார்த்தால் அந்தப் பாகத்தின் கடினத்தன்மையே தேவையான அளவு இல்லை, ஷாட் பீனிங்கும் (சின்னக் குண்டுகளால் அடித்து மேற்பரப்பை வலுவாக்குவது) சரியாகச் செய்யவில்லை. தாளில் போட்ட ஆயுள் அந்தப் பாகத்துக்குப் பொருந்தவே இல்லை.

மதி_ஏரோ எழுதியது:

9-க்கும் 2,594-க்குமா! இதை முதல் ஸ்லைடிலேயே போட்டுவிடுகிறேன். சரி அண்ணா, அப்படியென்றால் இரண்டு முறையும் முழுசாக உதவாது. விதி என்ன சொல்கிறது?

விரிசல்வேந்தன் எழுதியது:

1989-ல் பெரிய ஹெலிகாப்டர்களுக்கான அமெரிக்க விதியைத் திருத்தினார்கள். பழுது இருந்தாலும் தாங்குமா என்று காட்டு, அது நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால் மட்டும் சேஃப் லைஃப் என்றார்கள். 2011 கடைசியில் மறுபடி திருத்தி, உலோகத்துக்கு ஒரு விதி, கலப்பு இழைப் பொருளுக்குத் தனி விதி என்று பிரித்தார்கள்.

நடைமுறையில் பொறியாளர்கள் பிடித்த வழி, விரிசலை வளரவே விடாமல் வைப்பது. எதிர்பார்க்கக்கூடிய மிகப் பெரிய கீறலைப் பாகத்தின் மோசமான இடத்தில் போட்டு, பறப்புச் சுமையில் அது வளரத் தொடங்கும் எல்லைக்குக் கீழேயே நிற்கிறது என்று காட்டிவிட்டால் சோதனை இடைவெளித் தலைவலி போய்விடும். கொஞ்சம் எடை கூடும். பிளேடில் இதைவிட வசதி உண்டு. கண்ணாடி இழை, கார்பன் இழை பிளேடுகள் உலோகம் போல ஒரேயடியாக முறிவதில்லை. இழை இழையாகப் பிரிந்து, விறைப்பு குறைந்து, அதிர்வு காட்டி, நேரம் கொடுத்துப் போகும். அங்கே பயம் வேறு. மேலே பெயின்ட்கூடப் போகாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும் அடி. அந்த மாதிரி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சேதத்தோடு முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதுதான் கலப்புப் பொருள் விதியின் அடிப்படை.

பழைய உலோக பிளேடுக்கு சிக்கோர்ஸ்கிக்காரர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். பிளேடின் உள்குழாய் மாதிரியான ஸ்பாரில் நைட்ரஜனை அடைத்து, வேர்ப்பகுதியில் ஒரு சின்ன அழுத்தக் காட்டியை வைத்தார்கள். விரிசல் விழுந்தால் வாயு கசியும், காட்டியின் நிறம் மாறும். பறப்பதற்கு முன் அண்ணாந்து பார்த்தால் போதும்.

கியர்பெட்டி எழுதியது:

பிளேடு, ஹப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆளைக் கொல்லும் இடம் கீழே, கியர்பாக்ஸில். நான் ஓவர்ஹால் பட்டறையில் வேலை பார்த்தவன். அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன், தம்பி மதி செமினாருக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

2016 ஏப்ரல் 29. நார்வேயில் குல்ஃபாக்ஸ் பி எண்ணெய் மேடையிலிருந்து பெர்கனுக்கு ஒரு ஏர்பஸ் எச்225 வந்துகொண்டிருந்தது. தூரோய் தீவுக்கு அருகில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மெயின் ரோட்டார் அப்படியே கழன்று தனியாகப் போனது. ரோட்டார் மட்டும் சுழன்றுகொண்டே வருவது வீடியோவில் பதிவானது. உள்ளே இருந்த 13 பேரும் இறந்தார்கள்.

நார்வே விசாரணைக் குழு 2018-ல் இறுதி அறிக்கை கொடுத்தது. கியர்பாக்ஸின் இரண்டாம் கட்டத்தில் எட்டு பிளானட் கியர்கள். அதில் ஒன்று உலோகச் சோர்வில் உடைந்திருந்தது. இந்த கியரின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியே பல், உள்ளே பேரிங். பேரிங்கின் வெளி வளையமும் கியரும் ஒரே உலோகத் துண்டு. ஒரு பக்கம் நடுவில் இருக்கும் சன் கியர் தள்ளுகிறது, எதிர்ப்பக்கம் எல்லாவற்றையும் சுற்றியிருக்கும் ரிங் கியர் தள்ளுகிறது, உள்ளே உருளைகள் ஏறி மிதித்துக்கொண்டே இருக்கின்றன. எடை மிச்சம் என்று செய்த அமைப்புதான். ஆனால் பேரிங் ஓடுதளத்தில் விழும் விரிசல் நேராகப் பல்லுக்கு நடந்து போக வழி திறந்துவிட்ட மாதிரி.

விரிசல் ஓடுதளத்தின் மேற்பரப்பில் ஒரு நுண்குழியில் ஆரம்பித்து உள்ளே திரும்பியது. வழக்கமாக பேரிங் கெட்டால் மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். உரிந்த துகள் எண்ணெயோடு போய் சிப் டிடெக்டர் காந்தத்தில் ஒட்டும், காக்பிட்டில் விளக்கு எரியும். அந்தப் பாதுகாப்பு முழுக்க இந்த நடத்தையை நம்பித்தான். இங்கே விரிசல் துகளை அதிகம் உதிர்க்காமல் ஆழத்துக்குப் போய்விட்டது. விளக்கு எரியவில்லை. அதிர்வைக் கண்காணிக்கும் ஹம்ஸ் கருவியிலும் ஒன்றும் தெரியவில்லை. விமானி தவறு, பராமரிப்புத் தவறு எதுவும் இல்லை. அப்போதிருந்த முறையால் பிடிக்கவே முடியாத விரிசல்.

வடகடல்வாசி எழுதியது:

ஆபர்டீனில் இருந்து எழுதுகிறேன். ஆஃப்ஷோர் வேலை, மேடைக்குப் போக ஹெலிகாப்டரை விட்டால் வழியில்லை. 2016-க்குப் பிறகு எங்கள் ஆட்களிடம் சூப்பர் பூமா குடும்பத்தின் (எச்225, ஏஎஸ்332 எல்லாம் இதில்தான்) பெயரைச் சொன்னாலே முகம் மாறும். விபத்துக்குப் பிறகு போட்ட பறக்கும் தடையை 2017-ல் பிரிட்டனும் நார்வேயும் நீக்கிய பிறகும் ஏற மாட்டோம் என்று சொன்னவர்கள் நிறைய.

காரணம் 2009. அந்த வருடம் ஏப்ரல் 1-ம் தேதி மில்லர் மேடையிலிருந்து ஆபர்டீனுக்குத் திரும்பிய ஏஎஸ்332 எல்2 பீட்டர்ஹெட் அருகே கடலில் விழுந்தது, 16 பேர் போனார்கள். அதிலும் இரண்டாம் கட்ட பிளானட் கியர்தான். ஏழு வருட இடைவெளியில் அதே பாகம். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பி.கு.: இங்கே தோள் அகலத்தையும் அளக்கிறார்கள். 22 அங்குலத்துக்கு மேல் இருந்தால் பெரிய ஜன்னல் பக்கம்தான் இருக்கை. கவிழ்ந்தால் அது வழியாக வெளியே வர வேண்டுமே.

கியர்பெட்டி எழுதியது:

வடகடல்வாசி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

2009-ல் துகள் கிடைத்தது. விபத்துக்கு 36 பறப்பு மணி முன்பு, மார்ச் 25-ம் தேதி, பிளானட் கியர்கள் இருக்கும் எபிசைக்ளிக் பகுதியின் சிப் டிடெக்டரில் ஒரே ஒரு துகள். பட்டறையில் பிளக்கைக் கழற்றினால் என்ன பார்ப்போம் என்று சொல்கிறேன். காந்த முனையில் கறுப்பாக எண்ணெய்க் குழம்பு ஒட்டியிருக்கும். அது சாதாரணம், தேய்மானத் தூள். துணியில் துடைத்து விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மெல்லிய தகடு போல, ஒரு பக்கம் பளபளவென்றும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் ஒன்று மின்னினால் அது பேரிங் ஓடுதளத்தின் தோல். அதற்கப்புறம் அது எந்த உலோகம் என்று பார்த்து, எந்தப் பாகத்தில் அந்த உலோகம் இருக்கிறது என்று தேட வேண்டும்.

அன்றைக்கு எடுத்த நடவடிக்கைகளில் அந்தத் துகள் பிளானட் கியர் கெடுவதன் அறிகுறி என்று தெரியாமல் போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கருவியும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு கொடுமை, அந்த கியர்பாக்ஸுக்குள்ளேயே ஒரு காந்த வளையம் இருந்தது. துகள் கீழே போய்ச் சேதம் செய்யாமல் பிடித்து வைக்கத்தான் அதை வைத்தார்கள். அது துகளைப் பிடித்துக்கொண்டதால் டிடெக்டருக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு குறைந்தது என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையே சொல்கிறது. பிறகு அந்த வளையத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆக, 2009-க்குப் பிறகு செய்தது துகளை இன்னும் நன்றாகப் பிடிக்கும் ஏற்பாடு. 2016-ல் வந்தது துகளே அதிகம் கொடுக்காத விரிசல். அதனால்தான் அதே பாகம் மறுபடியும்.

எனக்குத் தூக்கம் கெடுத்த வரி வேறொன்று. நார்வே அறிக்கையில் வருகிறது. அந்த இரண்டாம் கட்ட பிளானட் கியர்களில் தாளில் எழுதிய ஆயுள் வரை ஓடியவை மிகச் சிலவே. மற்றதெல்லாம் ஓவர்ஹாலிலோ இடையில் கழற்றும்போதோ குறை கண்டு ஒதுக்கப்பட்டவை. அப்படி ஒதுக்கிய கியர்களைத் தயாரிப்பாளர் வழக்கமாக ஆராயவில்லை. ஏன் கெட்டது, எங்கே ஆரம்பித்தது என்று வெட்டிப் பார்க்கவில்லை.

பட்டறைக்காரனுக்கு இது எப்படி நடக்கும் என்று தெரியும். கையேட்டில் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் குழி இருந்தால் நிராகரி என்று இருக்கும். நிராகரித்தால் வேலை முடிந்தது. சிவப்பு அட்டை கட்டிப் பெட்டியில் போடுவோம், ஸ்டோரில் புதுசு வாங்குவோம். விமானம் பத்திரம், ஆகவே எல்லாம் சரி. ஆனால் ஆயுள் கணக்குப் போட்டவர் மேசைக்கு அந்தத் தகவல் போனால், இந்த கியர் ஏன் இத்தனை சீக்கிரம் கெடுகிறது என்று கேட்டிருப்பார். டேமேஜ் டாலரன்ஸ் கணக்குக்கு ஆரம்பப் பழுதின் அளவு வேண்டும் என்று வேந்தன் மாதிரி ஆட்கள் அனுமானம் செய்கிறார்கள். அசல் பழுது எங்கள் குப்பைப் பெட்டியில் கிடக்கிறது.

விரிசல்வேந்தன் எழுதியது:

வலிக்கிறது, ஆனால் உண்மை. கூடுதலாக ஒன்று: ஓடுதளத்தின் மேல்தோல் கார்பன் ஏற்றிக் கடினமாக்கியது, அங்கே இயல்பாகவே அமுக்க அழுத்தம் இருக்கும். அது விரிசலை மூடி வைக்கும். அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அந்தக் காவல் இல்லை. உருளும் தொடர்பில் விரிசல் எப்படித் திரும்பும் என்பது இன்றைக்கும் நிம்மதியாகக் கணக்குப் போடக்கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் கணக்கை மட்டும் நம்பாமல் கியர் வகைகளில் அதிக அழுத்தம் வந்த ஒரு வகையைச் சேவையிலிருந்தே எடுத்தார்கள், மீதி வகையின் ஆயுளைக் குறைத்தார்கள், துகள் சோதனையை அடிக்கடி ஆக்கினார்கள்.

சந்தேகசாமி எழுதியது:

2011-ல் புது விதி வந்தது என்றீர்கள். 2016-ல் விபத்து. விதி என்ன செய்துகொண்டிருந்தது?

விரிசல்வேந்தன் எழுதியது:

இசி225-க்குச் சான்று கிடைத்தது 2004-ல். அது விற்பனைப் பெயர் மாறி எச்225 ஆனது. புது விதி புது டிசைனுக்குத்தான். ஏற்கெனவே பறப்பது பழைய விதிப்படியே பறக்கும், ஏதாவது நடந்து தனி உத்தரவு போடும் வரை.

அப்புறம் பெரிய பாகம் மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். 2009 மார்ச் 12-ம் தேதி நியூஃபவுண்ட்லாந்து கடலில் ஒரு எஸ்-92 விழுந்து 18 பேரில் 17 பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் வடிகட்டிக் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியம் ஸ்டட்கள்தான் (மரை போட்ட தண்டுகள்) காரணம். வடிகட்டி மாற்றும்போதெல்லாம் நட்டைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, மரை உரசிப் பிய்ந்து, இறுக்கம் குறைந்து, சோர்வு விரிசல் விழுந்து முறிந்தது. எண்ணெய் மொத்தமும் போயிற்று. ஸ்டட்டை மாற்றச் சொல்லி அந்த ஜனவரியிலேயே தயாரிப்பாளர் அறிவிப்பு கொடுத்திருந்தார். ஒரு வருடம் அல்லது 1,250 மணி நேரம் அவகாசம். விரிசல் அவ்வளவு நாள் பொறுக்கவில்லை.

நீலகிரி_நண்பன் எழுதியது:

2021-ல் எங்கள் குன்னூர் பக்கம் விழுந்த எம்ஐ-17 இந்த வகையில் சேருமா? ஊரில் இன்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கியர்பெட்டி எழுதியது:

சேராது. விமானப் படையின் விசாரணையில் இயந்திரக் கோளாறு இல்லை என்று 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். திடீரென வானிலை மாறி மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசை உணர்வு குழம்பி மலையில் மோதியது என்பதுதான் முடிவு.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்குப் பொருந்துவது துருவ் ஹெலிகாப்டர். 2025 ஜனவரி 5-ம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ஸ்வாஷ்பிளேட் பகுதி முறிந்ததாகச் செய்தி வந்தது, மொத்தத் துருவ்களையும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தினார்கள். ஸ்வாஷ்பிளேட் என்பது விமானியின் கைச்சொல்லை பிளேடுக்குக் கொண்டுபோகும் பாகம். அதற்கு மாற்று வழி கிடையாது. கடலுப்பு, கப்பல் தளம், கடற்காற்று என்று வேறு மாதிரி வாழ்க்கை வாழும் ஹெலிகாப்டருக்கு டிசைன் மேசையில் அனுமானித்த சுமைப் பட்டியல் போதுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

மதி_ஏரோ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹம்ஸ் தரவை வைத்து ஒவ்வொரு ஹெலிகாப்டரும் உண்மையில் எப்படிப் பறந்தது என்று பார்த்து, அதற்கேற்ப ஆயுளைக் கூட்டிக் குறைக்கும் முறை பற்றிப் படித்தேன். அது தீர்வாகுமா?

விரிசல்வேந்தன் எழுதியது:

சுமை பற்றிய அனுமானத்தைச் சரிசெய்யும், அது நல்லது. மெதுவாகப் பறந்தவனுக்கும் முரட்டுத்தனமாகப் பறந்தவனுக்கும் ஒரே ஆயுள் என்பது அநியாயம்தான். ஆனால் ஆயுளைக் கூட்டத்தான் நிறுவனங்களுக்கு ஆசை, குறைக்க யாரும் அவசரப்படுவதில்லை. அதோடு தூரோய் கியரை அது காப்பாற்றியிருக்காது. அது சுமார் 1,340 மணி நேரம்தான் ஓடியிருந்தது.

கியர்பெட்டி எழுதியது:

அந்த கியர்பாக்ஸுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2015-ல் ஆஸ்திரேலியாவில் லாரியில் போகும்போது சாலை விபத்தில் சிக்கி, சோதித்துப் பழுது பார்த்த பிறகு பொருத்தப்பட்டது. அதற்கும் விரிசலுக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், இதை எந்தச் சுமைப் பட்டியலில் எழுதுவீர்கள்?

தம்பி மதி, செமினாருக்கு நார்வே அறிக்கையை எடுத்தால் சுருக்கத்தோடு நிறுத்திவிடாதே. ஒதுக்கப்பட்ட பிளானட் கியர்களைப் பற்றி எழுதியிருக்கும் பகுதிக்கு நேராகப் போ. அப்புறம் உன் ஊருக்குப் பக்கத்தில் ஏதாவது ஓவர்ஹால் பட்டறை இருந்தால் அனுமதி வாங்கிப் போய், சிவப்பு அட்டை கட்டிய பேரிங் ஒன்றைக் கையில் வாங்கிப் பார். லென்ஸ் கொண்டு போ.

மதி_ஏரோ எழுதியது:

கேட்டுப் பார்க்கிறேன் அண்ணா. அட்டையில் காரணம் எழுதியிருப்பார்களா?

கியர்பெட்டி எழுதியது:

எழுதியிருப்பார்கள். "அளவு மீறியது" என்று.